எதை விட்டுக்கொடுக்கணும், டீச்சர்?

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் நான் எடுத்தது நன்னெறிக் கல்வி. அந்தப் பாடம் யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. கால அட்டவணையில் யாருக்கு இடம் காலியாக இருக்கிறதோ, அவர் தலையில். எனக்கு அடிக்கடி காலியாக இருந்தது.

அந்தப் பாடத்தில் 14 நெறிகள். முதலில் நிற்பது ‘இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்’, கடைசியில் நிற்பது ‘விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை’. ஒரு நாள் இந்தக் கடைசி நெறியைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “டீச்சர், விட்டுக்கொடுக்கணும்னா எதை விட்டுக்கொடுக்கணும்? எங்க சாமியவா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “உட்காருப்பா” என்றேன். அது நல்ல கேள்வி என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. மலாயில் ‘தொலெரான்சி’, அதாவது சகிப்புத்தன்மை என்று இருப்பதை நாம் தமிழில் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குத் தெரிந்த விட்டுக்கொடுத்தல், தம்பிக்குப் பென்சிலை விட்டுக்கொடுப்பது. அதே சொல்லைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்தால் பயம் வரத்தானே செய்யும்? எதையும் கொடுக்க வேண்டியதில்லை, பார், கேள், அவ்வளவுதான் என்று அன்றைக்கே அவனிடம் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பதிலாகப் பயிற்சி கொடுத்தேன். நீங்களும் கொடுத்திருப்பீர்கள். அண்டை வீட்டார் வழிபாடு நடத்தும்போது நீ என்ன செய்வாய்? அ. வானொலியைச் சத்தமாக வைப்பேன். ஆ. அமைதி காப்பேன். இ. சன்னல் வழியாகக் கத்துவேன். 33 ஆண்டுகளில் ‘இ’ என்று எழுதிய ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் முழு மதிப்பெண். வகுப்பை விட்டு வெளியே போனதும் அதே பிள்ளைகள் ஒருவனைப் பார்த்து, “நீ தமிழா, முஸ்லிமா?” என்று கேட்பார்கள்.

இந்த மடலைக் கல்வி அமைச்சுக்கு எழுதியிருக்கலாம். அமைச்சுக்கு எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். வாரத்தில் சில மணி நேரம் முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறிக்கும் பிரிந்துபோகிறார்கள். மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் பார்த்து மரியாதை செய்ய எதிரே ஆளே இருப்பதில்லை. இது பெரிய இடத்துப் பிரச்சினை. நான் கேட்க வந்தது அதைவிடச் சின்னது. அதைச் செய்ய யாருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை.

நாட்டில் நாம் சிறுபான்மை என்று பேசிப் பேசிப் பழகிவிட்டோம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நாம்தான் பெரும்பான்மை. தமிழ் பேசும் இந்துக்களான நமக்கு அங்கே யாரும் இடைஞ்சல் செய்வதில்லை. அங்கே இருக்கும் ஒன்றிரண்டு கிறிஸ்துவப் பிள்ளைகளுக்கும், எப்போதாவது வந்து சேரும் முஸ்லிம் பிள்ளைக்கும், ஒரு பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் நாம் எப்படி இருக்கிறோம்? நான் எப்படி இருந்தேன் என்று சொல்கிறேன்.

ஒரு சரஸ்வதி பூசை. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு வைத்துக்கொண்டே போனேன். ஒரு பெண்பிள்ளை தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். வீட்டில் மாதா படம் இருக்கும் பிள்ளை, அது எனக்குத் தெரியும். “சாமிதானே கண்ணு” என்று நானே பூசிவிட்டேன். அவள் அழவில்லை, எதுவும் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் அந்தப் பக்கமாகப் போனபோது குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். சடை நனையாமல் ஒரு கையால் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நெற்றியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினாள். நெற்றியில் பாதி இருந்தது.

மறுநாள் அவள் அம்மா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். “திருநீறு வச்சதுக்கு வரல டீச்சர். அதைக் கழுவுனதுக்கு நீங்க கோவிச்சுக்குவீங்களான்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தா. இல்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார்.

சொன்னேன். அந்தப் பிள்ளை தலையாட்டினாள். ஆனாலும் அந்த வருடம் முழுக்க, நான் பக்கத்தில் போனால் நெற்றியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இதே காரியத்தை வேறொரு பள்ளியில் வேறொரு மதத்து ஆசிரியர் நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். தனதல்லாத மதத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. அந்த வரி இரண்டு பக்கமும் வெட்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அரசாங்க உதவி பெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத சமயங்களையும் கற்பிக்கலாம். ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தை அதற்குச் செலவழிக்க முடியாது, வேறு மதத்துப் பிள்ளை அதில் உட்கார வேண்டுமென்றால் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். தேவார வகுப்புக்கு அப்படி ஒரு தாளை நம்மில் எத்தனை பள்ளி வாங்கியிருக்கிறது? என் பள்ளிகளில் வாங்கியதில்லை. வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

தேவாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருமுறைப் போட்டிக்குப் பிள்ளைகளை நானே தயார் செய்திருக்கிறேன். சமய வகுப்பு நடக்கட்டும், பூசை நடக்கட்டும். அதில் சேராத பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு கௌரவமான வேலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தண்டனை போல நூல்நிலையத்தில் தனியாக உட்கார வைக்காதீர்கள். படம் எடுக்கச் சொல்லலாம், வருகிறவர்களை வரவேற்கச் சொல்லலாம். சபைகூடலில் ஒரு நாள் அந்தப் பிள்ளையின் வீட்டு வழிபாட்டுப் பாடலும் ஒலிக்கட்டுமே, தமிழில்தானே இருக்கப்போகிறது.

அந்த ‘தமிழா, முஸ்லிமா’ கேள்விக்கு வருகிறேன். இதைப் பிள்ளைகள் மட்டும் கேட்பதில்லை, ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். அதுவும் பினாங்கில். சூலியா தெரு என்ற பெயரே தென்னிந்திய முஸ்லிம்களைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் அவர்கள் எழுப்பியது. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்கா இருக்கிறது, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்துக்களும் அங்கே போவதுண்டு. வீட்டில் தமிழ் பேசி, தமிழில் திட்டி, தமிழில் கணக்கு எழுதிய அந்தச் சமூகத்தை நம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு விற்கும் ‘மாமாக் கடைக்காரர்’ என்று மட்டும்தான் தெரிகிறது.

தெரியாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. 1998 மார்ச்சில் இதே பினாங்கில், கம்போங் ராவாவில் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. ஒரு கோவிலும் ஒரு பள்ளிவாசலும் அருகருகே இருந்ததில் தொடங்கிய பிணக்கு தெருவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். நான் அப்போது இளம் ஆசிரியை. பிள்ளைகள் வீட்டில் கேட்ட வதந்தியையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. “அதெல்லாம் பெரியவங்க விஷயம், புத்தகத்தைத் திற” என்றோம். அன்றைக்கு நான் நடத்திய பாடம் நன்னெறி. என்ன தலைப்பு என்று இப்போது ஞாபகமில்லை.

பிள்ளைகளிடம் பேசப் பயம், பேசினால் யாராவது புகார் கொடுப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, இப்போது கைப்பேசி வேறு வந்துவிட்டது. அதனால் என்ன செய்கிறோம்? தேசிய மாதத்தில் ஒரு பிள்ளைக்குப் பாஜு கூரோங், ஒரு பிள்ளைக்குச் சியோங்சாம், ஒரு பிள்ளைக்குப் பாவாடை தாவணி போட்டு, மூன்று பேர் கையிலும் கொடியைக் கொடுத்துப் படம் பிடிக்கிறோம். அந்தப் படத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு எப்போதும் பொட்டு இருக்கும். சரவாக்கின் இபான் பிள்ளையும் சபாவின் கடசான் பிள்ளையும் படத்துக்குள்ளேயே வருவதில்லை, அது தனிக் கதை. உடுப்பைத் தவிர அந்த மூன்று பேரைப் பற்றி நம் பிள்ளைகள் வேறென்ன கற்றுக்கொண்டார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் உறுத்தும். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும் வழியில் சீனர்கள் மூட்டை மூட்டையாகத் தேங்காயைக் குவித்து உடைக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். ‘பார்த்தியா, சீனனே நம்ம முருகனைக் கும்பிடுறான்’ என்று நமக்குத் தலைகால் புரியாத பெருமை. நம்மிடம் வருகிறவரைக் கொண்டாட நமக்கு நன்றாகத் தெரியும். நம் பிள்ளை புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் (புனித அன்னம்மாள்) தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் மட்டும் வீட்டில் நான்கு பேர் கூடிப் பேசுகிறோம்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒவ்வொரு சூலை மாதமும் அந்தத் திருவிழாவுக்குப் போவார். அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டபோது வைத்த நேர்த்தி அது. தலையில் வைக்க வாங்கிய மல்லிகையில் ஒரு முழத்தைக் கிள்ளி அன்னம்மாள் காலடியில் வைத்துவிட்டு வருவார், வந்ததும் வழக்கம்போல வீட்டு முனியாண்டிக்குச் சூடம் காட்டுவார். மதம் மாறியதும் இல்லை, மாறச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. பழைய காலம் எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன். 1969 இனக்கலவரம் இந்த நாட்டில்தான் நடந்தது. அது நடந்ததால்தான் 1970இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு வந்தது, அதைத்தான் நாம் சபைகூடலில் கையை உயர்த்திச் சொல்கிறோம். ஆனால் அம்மாவுக்கு அந்தத் தேவாலயத்தின் வாசற்படி எத்தனை என்று தெரியும். நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நடக்கச் சொல்கிறேன்.

2016இல் மலேசியத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று எல்லாப் பள்ளியிலும் பதாகை கட்டினோம். அந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் 31 பேரைப் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் ஏற்றி அக்கரையில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப்போனேன். துறையிலிருந்து நடைதான். வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடி வந்து நடக்கிற அதே தெரு. நம் பிள்ளைகளோ தைப்பிங் விலங்ககத்துக்கு இரண்டு தடவை போயிருந்தார்கள், இங்கே ஒரு தடவையும் வந்ததில்லை.

முதலில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டியது, கட்டியவை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள். அதைச் சொன்னதும் பையன்கள் ஓடிப்போய்த் தூணைத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்தில் இருக்கும் மாநில அருங்காட்சியகக் கட்டடம் ஒரு காலத்தில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல். 1816இல் இந்த மண்ணின் முதல் தமிழ் வகுப்பு அந்தப் பள்ளியின் கீழ்தான் தொடங்கியது. பள்ளியைத் தொடங்கிய ஹட்சிங்ஸ் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார். “அப்ப நம்ம பதாகையில இருக்க 200, பாதிரியார் ஆரம்பிச்சதா?” என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். பதாகையில் அவர் பெயர் இல்லையே என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொஞ்சம் தள்ளிக் குவான் யின் கோவில். ஊதுபத்திப் புகையில் பாதிப் பிள்ளைகளுக்குக் கண்ணில் தண்ணீர். மூன்று ஊதுபத்தியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு சீனப் பாட்டி ஹொக்கியனில் விளக்கினார், ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்தது நம் குயின் தெரு மாரியம்மன், 1833. இங்கேதான் எனக்கு அதிர்ச்சி. மற்ற இடங்களில் கேள்வி கேட்ட பிள்ளைகள் இங்கே சும்மா நின்றார்கள். “ஒரு சீனப் பிள்ளை வந்து கோபுரத்தில் ஏன் இத்தனை பொம்மை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்றேன். “சாமி டீச்சர்” என்றான் ஒருவன். எந்தச் சாமி? தெரியவில்லை. பலிபீடம் எதற்கு? தெரியவில்லை. அடுத்தவர் சமயத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை நம் சமயத்தை விட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறோமே, அதற்கு முன்னால் நம்முடையதில் அதற்கு என்ன தெரியும் என்று நாம் பார்த்தோமா?

கடைசியில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தொழுகை நேரம் இல்லாதபடி பார்த்துப் போனோம், பெண்பிள்ளைகளுக்கு அங்கியும் தலைத்துணியும் கொடுத்தார்கள். உள்ளே பார்த்த ஒருவன் என் காதில், “உள்ள ஒண்ணுமே இல்லையே டீச்சர், யாரைக் கும்பிடுறாங்க?” என்று கேட்டான். காதில் கேட்டாலும் அவன் குரல் எட்டூருக்குக் கேட்கும். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் திரும்பினார். எனக்குத் திக்கென்றது. அவர் வந்து அவன் உயரத்துக்குக் குனிந்து, “எங்களுக்கு அவனுக்கு உருவம் கிடையாது தம்பி. அதான் எதுவும் வைக்கல. நீங்க எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவீங்க? கிழக்கா? நாங்க கஃபா இருக்கிற பக்கம். அந்தா தெரியுதே அந்த மாடம், அதுதான் அடையாளம்” என்றார்.

பையன் மாடத்தைப் பார்க்கவில்லை, அவரையே வாய் பிளந்து பார்த்தான். வெளியே வந்ததும் முதல் வார்த்தை: “டீச்சர், அவரு தமிழ் பேசுறாரு!”

அப்புறம் திரும்பி வரும் பெர்ரியில் இந்தச் செய்தியைத் தவிர வேறு பேச்சே இல்லை. உருவமில்லாத கடவுள் பின்னுக்குப் போய்விட்டார், அந்தத் தமிழ்தான் முன்னால் நின்றது. பரவாயில்லை. ‘தமிழா, முஸ்லிமா’ என்ற கேள்வியை அந்த 31 பேர் இனிமேல் கேட்க முடியாது.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். “கோவிலுக்குக் கூட்டிப்போங்க, மத்த எடத்துக்கு எதுக்கு?” என்றார் ஒருவர். நான் வாதாடவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் மதத்தைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அவர்கள் பயமும் பொய்யில்லை. மதமாற்ற வழக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நீதிமன்றப் படியேறிய தாய்மார்களை இந்தச் சமூகம் பார்த்திருக்கிறது. அதனால் கண்டிப்பான ஒரு விதி வைத்தேன்: பார்க்கலாம், கேட்கலாம், யாரும் எங்கேயும் கும்பிட வேண்டியதில்லை, பிரசாதமோ துண்டுப்பிரசுரமோ எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. கூட்டிப்போன 31 பேரில் ஒருவரும் மதம் மாறவில்லை. நாசி கண்டார் வாங்கித் தந்தால்தான் பெர்ரி ஏறுவோம் என்று இரண்டு பேர் அடம்பிடித்தார்கள், அது ஒன்றுதான் நடந்தது.

நீங்களும் இதைச் செய்யலாம். ஒரு நாள் போதும், வெள்ளிக்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது. முன்கூட்டியே ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டுச் சொன்னால் விளக்க ஆள் நிறுத்துகிறார்கள். முடிந்தால் பக்கத்துச் சீனப்பள்ளியிலிருந்தோ தேசியப் பள்ளியிலிருந்தோ ஒரு வகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் கோவிலில் நம் பிள்ளை அவர்களுக்கு விளக்கட்டும், அதற்காகவாவது முதல் நாள் வீட்டில் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வரும். தயவுசெய்து கட்டுரை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். ‘இன்பச் சுற்றுலா’ என்று தலைப்புப் போட்டுக் காலையில் எழுந்து பல் விளக்கியதிலிருந்து தொடங்கிவிடுவார்கள். மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்கும் ஒருபக்க அறிக்கையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அதிலிருந்து தப்ப முடியாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, பேருந்துக்கும் பெர்ரிக்கும் ஆகும் காசு ஒரு விளையாட்டுப் பூங்கா நுழைவுச்சீட்டை விடக் குறைவுதான். சம்மதத் தாள் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, தருகிறேன்.

இன்னொரு விஷயம், போனவர்களுக்குத்தான் தெரியும். மாரியம்மன் கோவிலிலும் பள்ளிவாசலிலும் செருப்பைக் கழற்றும் வேலை வரும். அப்போது ஒரே மாதிரி வெள்ளைக் காலணி 31 சோடி. பள்ளிவாசல் படியில் அன்றைக்கு இருபது நிமிடம் அதில்தான் போனது, ஒருவன் இரண்டும் இடது கால் காலணியாகப் போட்டுக்கொண்டு பெர்ரி வரைக்கும் வந்துவிட்டான். அதனால் காலணியைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனியாக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னெறிக் கல்வி ஆசிரியை,
பட்டர்வொர்த்